லினக்ஸ் வீட்டில் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: கைகொடுக்கும் குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. 11-ஐத் தாங்காத பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாமல், லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டு சமர்த்தாகப் பிழைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எல்லாம் ஓடுகிறது, பிரிண்டர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால் புதுசு வாங்க ஓடாதீர்கள் நண்பர்களே. கீழே இருப்பதில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. பிரிண்டரோடு வந்த சிடியை முதலில் பரணில் போடுங்கள். அதில் இருப்பது அநேகமாக விண்டோஸுக்கும் மேக்குக்கும் உரிய சரக்கு. அதை லினக்ஸில் ஓட்டப் பார்த்து ஒரு சாயங்காலத்தைத் தொலைக்க வேண்டாம்.

2. ஆல்-இன்-ஒன் என்பது ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். லினக்ஸில் அச்சடிக்கும் வேலையைப் பார்ப்பது 'கப்ஸ்', ஸ்கேன் வேலையைப் பார்ப்பது 'சேன்'. ஒன்றுக்கு இன்னொன்றைப் பற்றித் தெரியாது. பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் வரவில்லை என்றால் பிரிண்டர் டிரைவரை அழித்து அழித்துப் போடாதீர்கள். கோளாறு அங்கே இல்லை. எதைச் சரிசெய்கிறோம் என்று முதலில் தெளிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம்.

3. எந்தக் கம்பெனி மெஷினானாலும் முயற்சி செய்யும் வரிசை ஒன்றுதான். முதலில் டிரைவரே இல்லாமல், அடுத்து நம் லினக்ஸின் சாஃப்ட்வேர் மேனேஜரில் கிடைக்கும் டிரைவர், கடைசியில்தான் கம்பெனி வெப்சைட்டில் இருப்பது. தலைகீழாகப் போனால் இரண்டு மூன்று டிரைவர்கள் ஒன்றோடொன்று மோதி, எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்றே தெரியாமல் போகும்.

4. வயரைச் செருகி, பிரிண்டரை ஆன் செய்துவிட்டு, ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்டைக் கொண்டுவந்தது. 2013-இல் ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுவான முறை வந்தது. அதற்குப்பின் வந்த வைஃபை மாடல்கள் பலவும் டிரைவரே கேட்பதில்லை. போனிலிருந்து அச்சடிக்கச் செய்த ஏற்பாடு, நமக்கும் சேர்த்துப் பலித்துவிட்டது.

5. ஒன்றுமே நடக்கவில்லையா? டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் பிரிண்டர் கம்பெனியின் பெயரே இல்லையென்றால் லினக்ஸைத் திட்ட வேண்டாம், வயரைப் பாருங்கள். ஹப்பை விலக்கி நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பழைய பிரிண்டரின் சதுரமுனை வயர் எங்காவது கிடந்தால் அதுவே இதற்கும் பொருந்தும்.

6. யூஎஸ்பி வயரிலேயே டிரைவர் இல்லாமல் அச்சடிக்க 'ஐபிபி-யூஎஸ்பி' என்ற சின்ன நிரல் உதவுகிறது. புதிய உபுண்டு, மின்ட் பதிப்புகளில் அது கூடவே வருகிறது. அது ஓடும்போது பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:60000' என்று போட்டுப் பாருங்கள். பிரிண்டரின் சொந்த செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். இங்க் அளவு, ஹெட் கிளீனிங் எல்லாம் பல மாடல்களில் அங்கேயே இருக்கும்.

7. அதே ஐபிபி-யூஎஸ்பி சில வீடுகளில் வில்லன். அது பிரிண்டரைத் தன் பிடியில் வைத்துக்கொண்டால் எச்பி, எப்சன் டிரைவர்களுக்கு மெஷின் கண்ணிலேயே படாது. கம்பெனி டிரைவர்தான் வேண்டும் என்று முடிவானால் 'ஐபிபி-யூஎஸ்பி', டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்ய உதவும் 'சேன்-ஏர்ஸ்கேன்' இரண்டையும் நீக்கிவிட்டு, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

8. எச்பி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 'எச்பிலிப்' என்ற தொகுப்பை எச்பியே லினக்ஸுக்கென்று தருகிறது. பிரிண்ட், ஸ்கேன் இரண்டுமே அதற்குள் அடக்கம். 'எச்பிலிப்-ஜியூஐ'யையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு 'எச்பி-செட்டப்' ஓட்டினால், கேட்கிற கேள்விக்கெல்லாம் 'நெக்ஸ்ட்' அழுத்துவதுதான் வேலை. வைஃபை பிரிண்டர் தேடலில் சிக்கவில்லையா? 'எச்பி-செட்டப்' பக்கத்திலேயே ஐபி முகவரியையும் சேர்த்துத் தட்டுங்கள்.

9. நம்மூர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் உழைத்த லேசர்ஜெட் எம்1005 செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் பயப்படாமல் வாங்கலாம். அதற்கு எச்பிலிப் மட்டும் போதாது, 'எச்பி-பிளகின்' ஓட்டி கூடுதல் துண்டு ஒன்றை இறக்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் "லினக்ஸில் வராது" என்று கைவிடுகிறார்கள்.

10. லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மாற்றிய மறுநாள் எச்பி லேசர் நின்றுபோனால் கலங்க வேண்டாம். எச்பிலிப்பின் பதிப்பும் பிளகினின் பதிப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். 'எச்பி-பிளகின்' மறுபடி ஒருமுறை ஓட்டினால் முடிந்தது.

11. ஸ்கேனர் இல்லாத பழைய லேசர்ஜெட் 1020 பற்றியும் கொஞ்சம்: அதற்கு ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேர், அதாவது அதன் உள் நிரல், போய்ச் சேர வேண்டும். கம்ப்யூட்டர் முழுதாகத் திறந்தபின் பிரிண்டரை ஆன் செய்யுங்கள், மக்கர் செய்யாது.

12. எப்சன் டேங்க் பிரிண்டர்களுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் 'பிரிண்டர்-டிரைவர்-இஎஸ்சிபிஆர்' என்று தேடுங்கள். எல்3110 போன்ற எல் வரிசைக்கு அதுவே அச்சடித்துக் கொடுக்கும். ஸ்கேனுக்கு எப்சன் தளத்தில் 'எப்சன் ஸ்கேன் 2' லினக்ஸ் பதிப்பு தனியாக இருக்கிறது. புதிய மாடல்கள் சிலவற்றுக்கு 'இஎஸ்சிபிஆர்2' வேண்டும், பெயரில் அந்த இரண்டைக் கவனியுங்கள்.

13. கேனான் பிக்ஸ்மா ஜி வரிசைக்குக் கம்பெனி டிரைவரின் பெயர் 'சிஎன்ஐஜேஃபில்டர்2'. ஸ்கேனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சேன் தொகுப்புக்குள்ளேயே 'பிக்ஸ்மா' என்ற பிரிவு இருக்கிறது, பல மாடல்கள் அதில் அப்படியே எடுபடும். எம்எஃப்3010 லேசர் வைத்திருந்தால் தேட வேண்டியது 'யூஎஃப்ஆர் டூ' டிரைவர்.

14. பிரதர் கறுப்பு-வெள்ளை லேசர்கள் பலவற்றுக்கு 'பிஆர்லேசர்' என்ற திறந்த டிரைவர் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். ஸ்கேனுக்குக் கம்பெனி தரும் 'பிஆர்ஸ்கேன்4' போன்றதைத் தனியே இறக்க வேண்டும். வைஃபையில் ஸ்கேன் செய்வதானால் 'பிஆர்சேன்கான்ஃபிக்4' கமாண்டில் மாடல் பெயரையும் ஐபி முகவரியையும் ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும்; தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

15. டவுன்லோடு பக்கத்தில் 'டெப்', 'ஆர்பிஎம்' என்று இரண்டு இருக்கும். உபுண்டு, மின்ட், டெபியன், நம் சிடாக்கின் பாஸ் லினக்ஸ் எல்லாவற்றுக்கும் டெப். ஃபெடோரா, ஓப்பன்சூசேவுக்கு ஆர்பிஎம். இறக்கிய ஃபைலை ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். பழைய மாடல் டிரைவர்கள் தளத்தில் என்றைக்கும் இருக்கும் என்று நிச்சயமில்லை.

16. சில கம்பெனிகளின் பழைய டிரைவர்கள் 32 பிட்டில் செய்தவை. நிறுவியதாகச் சொல்லும், அச்சு மட்டும் வராது. 'ஐ386' கட்டமைப்பைச் சேர்த்து அதற்குரிய லைப்ரரிகளைப் போட்டபின் முயன்று பாருங்கள்.

17. உங்கள் மாடலின் பெயர் பட்டியலில் இல்லையா? அதே வரிசையில் பக்கத்து எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒரே மெஷினுக்கு ஊருக்கொரு பெயர் வைப்பது கம்பெனிகளின் வழக்கம். அண்ணன் தம்பி டிரைவர் பல நேரம் ஒத்துப்போகும்.

18. இந்த மல்லுக்கட்டு நமக்கு மட்டும் வந்ததில்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் இருந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் தாள் சிக்கினால் தகவல் வரும்படி செய்ய நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். அதன் மூல நிரலைக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983-இல் அவரைக் குனு திட்டத்தை அறிவிக்க வைத்தது. பிரிண்டர் படுத்தும்போது இதை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் கோபம் தணியும்.

19. பிரிண்டர்ஸ் என்ற சின்ன ஜன்னலில் வழி கிடைக்காவிட்டால் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' போடுங்கள். கப்ஸின் முழுக் கட்டுப்பாடும் அங்கே இருக்கிறது: பிரிண்டர் சேர்ப்பது, நீக்குவது, நின்ற வேலையை ஓட்டுவது எல்லாம். 1990-களின் கடைசியில் மைக்கேல் ஸ்வீட் எழுதிய அமைப்பு. மேக் கம்ப்யூட்டர்களிலும் இதுதான் ஓடுகிறது.

20. அந்தப் பக்கம் பாஸ்வேர்டு கேட்டு, சரியாகக் கொடுத்தும் விடமாட்டேன் என்கிறதா? உங்கள் பயனர் பெயரை 'எல்பிஅட்மின்' குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக்-அவுட் செய்து வாருங்கள்.

21. இது என் செல்லக் குறிப்பு: ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 'சிக்கனம்' என்ற பொருளில் ஏதாவது பெயர் வைத்து, கறுப்பு-வெள்ளை, டிராஃப்ட் தரம் என்று நிரந்தரமாக அமைத்துவிடுங்கள். இன்னொன்றைக் கலருக்கும் போட்டோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனத்தையே டிஃபால்ட் ஆக்கிவிட்டால், பிள்ளைகள் யோசிக்காமல் பிரிண்ட் கொடுத்தாலும் கலர் இங்க் காலியாகாது.

22. பக்கத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா, தாள் அளவு தவறு என்று விளக்கு மினுக்குகிறதா? லினக்ஸை அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் தாள் அளவும் 'லெட்டர்' ஆகியிருக்கும். அது 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210-க்கு 297. பிரிண்டர் செட்டிங்ஸில் ஒருமுறை ஏ4 ஆக்குங்கள், லிப்ரே ஆஃபீஸிலும் பார்த்துவிடுங்கள்.

23. ஒவ்வொரு தடவையும் கலர் டெஸ்ட் பேஜ் அடிக்காதீர்கள், அது இங்க் குடிக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அதே தாளைத் திருப்பி வைத்தால் இன்னொரு சோதனைக்கும் ஆகும்.

24. பக்கம் பக்கமாகப் புரியாத கிறுக்கல் வருகிறதா? உடனே தட்டிலிருந்து தாளை உருவுங்கள், பிறகு 'கேன்சல் -ஏ' கமாண்டு கொடுத்து வரிசையைக் காலி செய்யுங்கள். டிரைவர் தவறு என்பதற்கு இது அடையாளம். பிரிண்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் உள்ளே தங்கிய மிச்சம் போகும்.

25. 'ஃபில்டர் ஃபெயில்டு' என்று வந்தால் பிரிண்டர் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. டிரைவரின் ஒரு துண்டு இல்லை, அல்லது இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாதது என்று அர்த்தம். 16-ஆம் குறிப்பைத் திரும்பப் பாருங்கள்.

26. நேற்று வரை ஓடிய பிரிண்டர் இன்று 'பாஸ்டு' என்று நிற்கும். அச்சு நடுவில் வயர் கழன்றாலோ கரண்ட் போனாலோ கப்ஸ் அந்த வரிசையை நிறுத்திவிடுவதுண்டு. 631 பக்கத்தில் மெயின்டனன்ஸ் பட்டியலில் 'ரெஸ்யூம் பிரிண்டர்' கொடுங்கள். அங்கேயே எரர் பாலிசியை 'ரீட்ரை ஜாப்' என்று மாற்றிவிட்டால் அடிக்கடி கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கு நிம்மதி.

27. ஒரே வைஃபை பிரிண்டர் பட்டியலில் இரண்டு மூன்று பெயரில் தெரிந்தால் அது 'கப்ஸ்-பிரவுஸ்டு' சேவையின் கைங்கரியம். நீங்களே பிரிண்டரைச் சேர்த்துவிட்டீர்கள் என்றால் அதை நிறுத்திவிடலாம். 2024 செப்டம்பரில் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்து திருத்தப்பட்டன. வைத்துக்கொள்வதானால் அப்டேட் பாக்கி வைக்காதீர்கள்.

28. திரையே இல்லாத பிரிண்டரை வைஃபையில் சேர்க்க விண்டோஸ் கம்ப்யூட்டர் தேடி அலைய வேண்டாம். ரௌட்டரில் டபிள்யூபிஎஸ் பட்டன் இருந்தால் அதையும் பிரிண்டரின் வைஃபை பட்டனையும் அடுத்தடுத்து அழுத்துங்கள். இல்லாவிட்டால் போனில் கம்பெனி ஆப்பைப் போட்டுச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் ஆப்பை அழித்துவிடலாம்.

29. வீட்டு இங்க்ஜெட்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே புரியும். ரௌட்டரில் 5 மட்டும் ஓடினால் பிரிண்டர் நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும்.

30. கம்ப்யூட்டர் ஒரு வைஃபையிலும் பிரிண்டர் 'கெஸ்ட்' வைஃபையிலும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. விபிஎன் ஓடினாலும் இதே கதை. ஃபயர்வால் மீது சந்தேகமா? ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள், பிரிண்டர் தெரிந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. உடனே ஃபயர்வாலைத் திரும்ப ஓட்டிவிட்டு, அதில் பிரிண்டருக்கு மட்டும் வழி விடுங்கள்.

31. கரண்ட் போய் வந்தபின் வைஃபை பிரிண்டர் காணாமல் போகிறதென்றால் அதற்கு ரௌட்டர் புது ஐபி முகவரி கொடுத்திருக்கும். ரௌட்டர் செட்டிங்ஸில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவையுங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்கேனருக்கும் சேர்த்து உதவும்.

32. இனி ஸ்கேன் பக்கம். டெர்மினலில் 'ஸ்கேன்இமேஜ் -எல்' தட்டுங்கள், இங்கே மட்டும் எல் பெரிய எழுத்து. ஸ்கேனர் பெயர் வந்தால் சேன் வரை எல்லாம் சரி, குறை நீங்கள் பயன்படுத்தும் ஆப்பில், வராவிட்டால் டிரைவரில்.

33. 'சூடோ' சேர்த்தால் ஸ்கேனர் தெரிகிறது, சேர்க்காவிட்டால் தெரியவில்லையா? அனுமதிதான் பிரச்சினை. உங்கள் பெயரை 'ஸ்கேனர்' குழுவிலும் 'எல்பி' குழுவிலும் சேர்த்து, லாக்-அவுட் செய்து வாருங்கள். எப்போதும் சூடோவோடு ஸ்கேன் செய்யப் பழகினால் ஃபைல்கள் ரூட் பெயரில் சேர்ந்து, அழிக்கக்கூட முடியாமல் இம்சை கொடுக்கும்.

34. வைஃபை ஸ்கேனருக்குக் கம்பெனி டிரைவர் தேடும் முன் 'சேன்-ஏர்ஸ்கேன்' போட்டுப் பாருங்கள். ஏர்பிரிண்ட் உள்ள மெஷின்கள் பலவும் இதே வழியில் டிரைவர் இல்லாமல் ஸ்கேன் செய்யும். தானாகத் தெரியாவிட்டால் அதன் கான்ஃபிக் ஃபைலில் முகவரியைக் கையால் எழுதிவைக்கலாம்.

35. எதுவுமே ஒத்துவராத அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி. எச்பியின் வைஃபை ஆல்-இன்-ஒன்கள் பலவற்றில், பிரவுசரில் பிரிண்டரின் ஐபி முகவரியைப் போட்டால் 'வெப்ஸ்கேன்' பகுதி இருக்கும். சிலவற்றில் செட்டிங்ஸில் போய் அதை இயக்கிவிட வேண்டும். டிரைவரும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். பிரவுசரே ஸ்கேன் செய்து கையில் கொடுக்கும்.

36. ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு இத்தனை பாடே வேண்டாம். பிரிண்டரிலேயே காப்பி பட்டனை அழுத்துங்கள். சில மாடல்களில் 'ஐடி காப்பி' என்று தனி பட்டன் உண்டு. கார்டின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரும்.

37. மின்ட், உபுண்டுவில் இருக்கும் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' ஆப் பார்க்க எளிமையாக இருந்தாலும் காரியக்காரர். 'மல்டிபிள் பேஜஸ் ஃப்ரம் ஃபிளாட்பெட்' கொடுத்தால் சில விநாடி இடைவெளி விட்டு அதுவே அடுத்தடுத்து ஸ்கேன் செய்யும். நீங்கள் தாளை மாற்றினால் போதும், மவுஸ் பக்கம் போகவே வேண்டாம். எல்லாம் ஒரே பிடிஎஃப் ஆகச் சேரும்.

38. மேலே தாள் ஊட்டும் ஃபீடர் ஒரு பக்கம் மட்டும் படிக்கிறதா? முன்பக்கங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, கட்டை அப்படியே திருப்பிப் போட்டுப் பின்பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அதே ஆப்பின் 'ரீஆர்டர் பேஜஸ்' பகுதியில் 'கம்பைன் சைட்ஸ் ரிவர்ஸ்' கொடுத்தால் பக்கங்கள் தானாக வரிசைக்கு வந்துவிடும். பிள்ளைகளின் நோட்ஸ் கட்டுக்கு அருமையான வழி.

39. 'ஃபீடர் காலி' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஆப்பில் ஸ்கேன் எடுக்கும் இடம் 'ஃபிளாட்பெட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

40. அப்ளிகேஷன் போடும் தளம் "ஃபைல் பெரிசு" என்று திருப்பி அனுப்புகிறதா? 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508 புள்ளி. 150-இல் அதில் கால்வாசிதான். எழுத்து மட்டும் உள்ள சான்றிதழுக்கு 150 தாராளம். 600-ஐ பழைய குடும்பப் போட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

41. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்ற டெசராக்ட் இருக்கிறது. இது 1980-களில் எச்பி ஆய்வகத்தில் பிறந்து 2005-இல் திறந்த நிரலானது. 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்ற தமிழ்த் துண்டையும் 'ஓசிஆர்மைபிடிஎஃப்' நிரலையும் போட்டுக்கொண்டால் ஸ்கேன் பிடிஎஃபுக்குள்ளேயே தேடலாம். தமிழுக்கு 300 டிபிஐக்குக் கீழே போகாதீர்கள், புள்ளிகள் தொலையும்.

42. பிரிண்டர் மேலிருக்கும் 'ஸ்கேன்' பட்டனை அழுத்தி லினக்ஸில் படம் வரவைக்கப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். பிரதருக்கு 'பிஆர்ஸ்கேன்-எஸ்கீ' என்ற நிரல் இருக்கிறது. மற்றவர்கள் கம்ப்யூட்டரிலிருந்தே ஸ்கேன் கொடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

43. ஃபேக்ஸ்? எச்பிலிப்பில் அதற்கும் வசதி உண்டு. யாருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

44. தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால் பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஃபான்ட் இல்லை. டெபியன் வகை லினக்ஸ்களில் 'ஃபான்ட்ஸ்-டாமில்' என்ற தமிழ் ஃபான்ட் தொகுப்பு ஒன்று உண்டு, தட்டும்போது கடைசியில் எம், எல் இரண்டும் நடுவே ஐ இல்லாமல் சேர்ந்து வரும். நோட்டோ, லோகித் இரண்டில் ஒன்று இருந்தாலே வேலை நடக்கும். திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கொம்பு, கால் இடம் மாறினால் முதலில் பிடிஎஃப் ஆக்கி, அதைத் திறந்து அச்சடியுங்கள்.

45. அந்தப் பிடிஎஃபும் அடம் பிடித்தால், குரோமில் 'பிரிண்ட் அஸ் இமேஜ்', ஓகுலரில் 'ஃபோர்ஸ் ராஸ்டரைசேஷன்'. பக்கத்தை முழுப் படமாக மாற்றி அனுப்பிவிடும், எழுத்து நகராது. கொஞ்சம் மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

46. இரண்டு பக்கமும் தானாக அச்சடிக்கும் வசதி இல்லாவிட்டால் பிரிண்ட் ஜன்னலில் முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள், தாளைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்கள். எந்தப் பக்கமாகத் திருப்புவது என்று நாலு பக்க ஃபைலில் பார்த்து, பிரிண்டர் மேலேயே பென்சிலில் ஒரு அம்புக்குறி போட்டுவையுங்கள். ஒரு தாளில் இரண்டு பக்கம் என்ற வசதியையும் சேர்த்தால் நாலு பக்கம் ஒரே தாளில் முடியும்.

47. இங்க்ஜெட்டை பிளக் பாயின்ட்டில் அணைக்காதீர்கள், பிரிண்டரின் பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும், இங்க் உலராது. வாரம் ஒருமுறை நாலு கலரும் உள்ள சின்னப் பட்டை ஒன்றை அச்சடிப்பதும் நல்லது. பிரிண்டர் ஆனில் இருந்தால் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸின் 'கிரான்' அதை மறக்காமல் செய்துவிடும்.

48. இங்க் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எச்பிக்கு 'எச்பி-லெவல்ஸ்'. டேங்க் பிரிண்டரா? கண்ணால் டேங்கைப் பாருங்கள், அதைவிடச் சரியான கணக்கு எந்த ஆப்பிலும் கிடைக்காது.

49. யூஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டரையும் வீட்டுப் போன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கலாம். 631 பக்கத்தில் பிரிண்டரைப் பகிரும் வசதியை டிக் செய்யுங்கள். பிரிண்டர் இருப்பதை வீட்டு நெட்வொர்க்கில் அறிவிக்கும் 'அவாகி' சேவை ஓடினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது வைஃபை பிரிண்டராகத் தெரியும். 2011 முதல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் ஒன்று மூலையில் தூங்கினால் அதில் எளிய லினக்ஸ் போட்டு இந்த வேலைக்கே வைத்துவிடுங்கள். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை.

50. அதற்கு ராஸ்பெரி பை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், பிரிண்டர் டிரைவரை முதலில் பாருங்கள். கம்பெனிகள் தரும் டிரைவர்கள் பல சாதாரண கம்ப்யூட்டருக்கு மட்டுமே. பையில் இருக்கும் ஏஆர்எம் சில்லில் ஓடாது. எச்பிலிப், பிஆர்லேசர் போன்றவை ஓடும்.

51. யாரிடமாவது உதவி கேட்பதானால் "பிரிண்டர் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் பெயர், லினக்ஸ் பதிப்பு, 'எல்பிஸ்டாட் -டி' தரும் விடை, கப்ஸின் எரர் லாகில் கடைசிச் சில வரிகள், இவ்வளவும் சேர்த்துக் கொடுத்தால் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

52. புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது அதைப் போலவே டிரைவர் இல்லாமல் அச்சடிப்பதைக் குறிக்கும் மோப்ரியா முத்திரை இருக்கிறதா பாருங்கள். யூஎஸ்பி மட்டும் உள்ள விலை குறைந்த மாடலில் அநேகமாக இருக்காது. பிரிண்டருக்கு ஓப்பன்பிரிண்டிங், ஸ்கேனருக்கு சேன் என்ற இரண்டு தளங்களும் வைத்திருக்கும் பட்டியல்களில் மாடலைத் தேடிவிட்டுக் கடைக்குப் போங்கள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் லேப்டாப்பையும் கையோடு எடுத்துப்போய், டெமோ மெஷினில் ஒரு பிரிண்ட், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டும் வந்த பிறகு விலை பேசலாம்.